இரும்புச் சுவர், ஆறு மீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய தவறு: இரண்டாவது தெருவை அளக்கத் தொடங்கும் முன் சக்கரத்தின் எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்துவிட்டேன். முதல் தெருவில் ஓடிய பதினான்கு மீட்டர் இரண்டாவது தெருவின் தலையில் ஏறிவிட்டது. தபால் பெட்டி, சாலைக்கு நடுவில் நிற்பதுபோல் கணினியில் தெரிந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். திரும்பப் போய் அளந்து திருத்திவிட்டேன். மேலாளருக்குத் தெரியாது.

மாலை வகுப்பில் இப்படி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அன்றைய தவறு, பிறகு நடந்தது, கடைசியில் மறுநாள் செய்ய வேண்டிய வேலை. நிலப்படம் வரையும் வகுப்பு அது. திங்கள் முதல் வியாழன் வரை, மாலை ஆறிலிருந்து எட்டு. மற்றவர்கள் தவறு கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். எனக்கு எதை விடுவது என்பதுதான் சிக்கல்.

பகலில் தெரு அளக்கிறேன். நீளக் கைப்பிடி வைத்த சக்கரம். ஒரு மீட்டர் உருண்டால் 'டிக்' என்று ஒரு சத்தம். நடைபாதை எங்கே இறங்குகிறது, கம்பம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சுவர், எங்கே படி என்று எழுதி வந்து கணினியில் ஏற்றுவேன். பார்வையில்லாதவர்களுக்கும் சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கும் காதுக்குள் வழி சொல்லும் செயலி எங்களுடையது. நான் எழுதுவதைத்தான் அது பேசும். இதுவரை பதினொரு வழிகள் அளந்திருக்கிறேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

ஒன்பதாவது வழி எங்கள் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும். அதில் என் சித்தி நடக்கிறார். அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறார். பதினெட்டு வயதில் பார்வை போனது. குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் எழுதிக்கொள்ளும் வேலை. பகல் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுவிட்டு வந்து, வாங்கியதில் பாதியை எங்களுக்குத் தருவார். ஐந்து வருடமாக அம்மாதான் கையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றி, மாலையில் இறக்கிக் கூட்டி வந்தார். போன மாதம் ஒன்பதாம் தேதியிலிருந்து சித்தி தனியாகப் போய் வருகிறார்.

வகுப்பு முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"ஆறு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கறா. பன்னெண்டு நிமிஷ நடை. இன்னைக்கும் ஆறு நாப்பதுக்குத்தான் வர்றா," என்றார் அம்மா என்னிடம். "உன் மெஷின் இவளைச் சுத்தி விடுதா, இல்ல இவளே சுத்தறாளா?"

"பஸ் லேட்டுக்கா," என்றார் சித்தி.

"தினமும் ஒரே மாதிரி லேட்டா?"

"ஒழுங்கான பஸ்ஸு. சொன்னா சொன்ன நேரத்துக்கு லேட்டா வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

"போன மாசம் முட்டியில ரத்தத்தோட வந்து நின்ன. பஸ் படின்னு சொன்ன. நம்பினேன். இனிமே ஒரு காயத்தோட வந்தாலோ, சொன்னது பொய்னு தெரிஞ்சாலோ, பழையபடி நான்தான். காலையில விடறதும் நானு, சாயங்காலம் கூட்டிட்டு வர்றதும் நானு."

சித்தியின் கையிலிருந்த கரண்டி தட்டிலேயே நின்றது. "முப்பத்திநாலு வயசுக்காரியை ஸ்கூல் புள்ளை மாதிரி இழுத்துட்டுப் போகணும்னு உனக்கு என்னக்கா ஆசை? தனியா நடந்தா எனக்குள்ள பாட்டு ஓடுது. உன்கூட வந்தா உன் பேச்சுதான் ஓடுது."

"பாட்டு ஓடட்டும். கார் ஓடாம இருக்கணும்ல?"

சித்தி பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நாளை: மூன்றாவது தெரு. தொடங்கும் முன் பூஜ்யம்.


மார்ச் 4, புதன்

தவறு எது என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை முதலில் எழுதுகிறேன்.

மேலாளர் தன் திரைக்கு அழைத்தார். செயலி ஓடும்போது பத்து விநாடிக்கு ஒரு முறை ஒரு புள்ளி வைக்கும். புள்ளிகள் சேர்ந்தால் ஒருவர் நடந்த பாதை. பெயர் தெரியாது, எண் மட்டும்தான். எண்ணுக்குப் பின்னால் யார் என்று தேட மாட்டேன் என எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் நாங்கள் வேலையில் சேர்ந்தோம்.

"ஒன்பதாவது ரூட் உன்னோடதுதானேம்மா? இதைப் பாரு." நீளமான கோடு ஒன்றின் நடுவில் எறும்புப் புற்றுபோல் ஒரு குவியல். "நாப்பத்தொண்ணாம் நம்பர். தினம் சாயங்காலம் இருபத்தஞ்சு நிமிஷம் ஒரே இடத்துல உக்காந்திருக்கு. ஆப்பை ஓடவிட்டுட்டு அரட்டை அடிக்கிற கேஸு. இதனால அந்த ரூட்டோட சராசரி நேரமே கெட்டுப்போகுது. இந்த ஆளைக் கணக்குலேர்ந்து தூக்கிடலாமான்னு பார்க்கறேன்."

அந்தக் கோடு எங்கள் வீட்டு வாசலில் தொடங்கியது. எங்கள் தெருவில் செயலி வைத்திருப்பவர் ஒருவர்தான்.

"சரி சார்," என்றேன். எதற்குச் சரி என்று எனக்கே தெரியவில்லை.

என் இடத்துக்கு வந்து ஒன்பதாவது வழியின் பதிவுகளை மூன்று முறை படித்தேன். எங்கேயாவது கம்பத்தை விட்டிருப்பேன், சித்தி அதில் இடித்துக்கொண்டு நிற்கிறார் என்று என்மேல்தான் முதல் சந்தேகம். கம்பம் இரண்டு, மரம் ஒன்று, சாக்கடை மூடி ஒன்று, குவியல் இருக்கும் இடத்தில் மூடிய தையல்கடையின் படி, பிறகு சுவர், இரும்புச் சுவர் ஆறு மீட்டர், மீண்டும் சுவர். எதுவும் விட்டுப்போகவில்லை. அப்படியானால் தவறு சித்தியிடம். இப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை இன்றைய தவறாக எழுதிக்கொள்கிறேன்.

நாளை: நான்காவது தெரு.


மார்ச் 5, வியாழன்

இன்றைய தவறு: பார்க்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்.

காலையில் அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டுபோய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் சித்திக்குக் கேட்காது என்பது அவர் எண்ணம். சித்தியின் காதுக்கு அதெல்லாம் போதாது என்பது என் எண்ணம்.

"இதப் பாரு." ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு காகிதக் கோப்பைகள். "அவ பையில இருந்துச்சு. ரெண்டு. தனியா டீ குடிக்கறவளுக்கு எதுக்குடி ரெண்டு கப்பு?"

"ரெண்டு தடவை குடிச்சிருப்பாங்க."

"பஸ் லேட்டு, டீ ரெண்டு தடவை. நீயும் அவளோட சேர்ந்துட்டியா? உங்க ஆபீஸ்ல தெரியும்ல, யாரு எங்க நிக்கறாங்கன்னு? பாரு."

"அப்படியெல்லாம் பார்க்கக்கூடாதும்மா."

"ஊரான் வீட்டுப் பொண்ணையா பார்க்கச் சொல்றேன்? என் தங்கச்சிடி. எவனாவது கண்ணு தெரியாதவன்னு ஏமாத்திட்டிருந்தா?"

மதிய இடைவேளையில் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நாற்பத்தொன்றைத் திறந்தேன். நாள்வாரியாக ஒரு தாளில் எழுதினேன். பிப்ரவரி பத்திலிருந்து நேற்று வரை பதினேழு வேலை நாட்கள். பதினேழு நாளும் ஆறு ஐந்துக்கு நிற்கிறார். பதினேழு நாளும் ஆறு முப்பதிலிருந்து ஆறு முப்பத்திரண்டுக்குள் கிளம்புகிறார். காலையில் போகும்போது அதே இடத்தில் ஒரு விநாடிகூட நிற்பதில்லை. அரட்டை இவ்வளவு நேரம் தவறாமல் முடியுமா? யாரோ ஒருவருக்கு ஆறரை மணிக்கு வேலை முடிகிறது என்று தோன்றியது.

பிறகு ஒன்பதாம் தேதியைத் திறந்தேன். சித்தி முதன்முதலாகத் தனியாக வந்த நாள். அன்று குவியல் இல்லை. புள்ளிகள் நடைபாதையிலிருந்து இடது பக்கம் விலகி, ஒரு கட்டடத்துக்குள் ஒன்பது மீட்டர் போகின்றன. நான்கு நிமிடம் உள்ளே. பிறகு வெளியே வந்து வீடு. அன்றுதான் முட்டியில் ரத்தம். பேருந்துப் படிக்கு அருகில் எதுவும் நடக்கவில்லை.

ஒன்பது மீட்டர் உள்ளே என்று என் தாளில் எழுதி, அடியில் கோடு போட்டேன். உடனே வெட்கமாக இருந்தது. தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். இரவு அம்மாவிடம் "சிஸ்டம் வேலை செய்யலை" என்றேன். அம்மா என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

நாளை: வெள்ளி, வகுப்பு இல்லை. மாலை ஆறு மணிக்கு அந்த இடத்துக்கு நேரில் போவது.


மார்ச் 6, வெள்ளி

ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். யாராவது கேட்டால் அளக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளச் சக்கரத்தையும் எடுத்துப்போனேன். எதிர் வரிசையில் மின்சாரப் பெட்டி ஒன்று இருந்தது, என் தோள் உயரத்துக்கு. அதன் பின்னால் நின்றேன். கண் தெரியாதவரை ஒளிந்திருந்து பார்ப்பதில் என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. இருந்தாலும் வெளியே வரவில்லை.

ஆறு ஐந்து. சித்தி வந்தார். வெள்ளைக் கோல் இடது சுவரைத் தட்டிக்கொண்டே வந்தது. மூடிய தையல்கடையின் படியில் கோல் பட்டதும் நின்று, படியைக் கையால் துடைத்து உட்கார்ந்து, இயர்போனைக் கழற்றினார். தன் வீட்டில் உட்காருவதுபோல் இருந்தது. அடுத்த நிமிடம் நீலச் சட்டைக்காரர் ஒருவர் இரண்டு காகிதக் கோப்பைகளோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒன்றைச் சித்தியின் கையில் வைத்தார். என்னவோ சொன்னார். சித்தி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

அம்மா சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பேச்சைக் கேட்பதற்காகச் சாலையைக் கடந்து நான்கைந்து அடி எடுத்து வைத்திருப்பேன்.

"அடிஸ்கேலு!" என்றார் சித்தி, முகத்தைத் திருப்பாமலே. வீட்டில் என் பட்டப்பெயர் அது. "அந்தச் சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூடாதாடி? நாலு டிக்குக்கு ஒரு தடவை கீச்சுங்குது."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நீலச் சட்டைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, இவங்கதான் அந்த அக்கா பொண்ணா? இருபது நிமிஷமா கரண்ட் பாக்ஸ் பின்னாடி ஒரு பொண்ணு ஒளிஞ்சு நின்னு நோட்டம் விடுது, யாருக்காவது போன் பண்ணலாமான்னு பார்த்துட்டிருந்தேன்."

"பண்ணியிருக்கணும் அண்ணே," என்றார் சித்தி. "நல்லா நாலு கேள்வி கேட்டிருப்பாங்க."

"நீங்க யாருங்க?" என்று நான் அவரிடம் கேட்டேன். குரலைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"நான் இந்த பில்டிங் வாட்ச்மேன்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டி வருது."

நான் சாலையைப் பார்த்தேன். சாலையில் எதுவும் வரவில்லை. அவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். எனக்குப் பின்னால், கட்டடத்துக்குள்ளிருந்து, தரைக்கு அடியிலிருந்து, ஒரு கார் மேலே ஏறி வந்தது. துளிச் சத்தம் இல்லை, பேட்டரி வண்டி. என்னை உரசினாற்போல் நடைபாதையைக் கடந்து சாலையில் இறங்கிப் போனது.

அப்போதுதான் பார்த்தேன். தையல்கடைப் படியை அடுத்துக் கொஞ்சம் சுவர். அதற்கப்புறம் சுவர் இல்லை. அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்துக்கு இறங்கும் அகலமான சரிவு, இருட்டு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நடைபாதைக்கும் சரிவுக்கும் நடுவில் விளிம்பு, மேடு, பள்ளம் எதுவும் இல்லை. ஒரே தளமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேலே, சுருட்டிய பாய்போல் இரும்பு ஷட்டர்.

என் இரும்புச் சுவர்.

நான் ஒன்பதாவது வழியை ஜனவரியில் அளந்தேன். காலை ஏழு மணிக்கு. கூட்டம் இருக்காது, சக்கரம் ஒழுங்காக உருளும் என்பதற்காக எப்போதும் ஏழு மணிக்குத்தான் போவேன். அந்த நேரத்தில் ஷட்டர் மூடியிருக்கிறது. சாம்பல் நிற இரும்பு, கீழே தரை வரைக்கும். நான் தட்டிப் பார்த்து, நம்பி, 'சுவர், இரும்பு, ஆறு மீட்டர், கோலால் தொடரத் தகுந்தது' என்று எழுதினேன்.

"எத்தனை மணிக்கு ஷட்டரைத் திறப்பீங்க?" என்று கேட்டேன்.

"காலையில எட்டு. சாயங்காலம் ஆறரைக்கு எல்லா வண்டியும் போயிடும், இறக்கிடுவேன்."

சித்தி காலையில் ஏழே முக்காலுக்குக் கடக்கிறார். ஷட்டர் மூடியிருக்கும். மாலை ஆறு ஐந்துக்குத் திறந்திருக்கும்.

நான் படியில் சித்தி பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒன்பதாம் தேதி என்ன ஆச்சு சித்தி?"

"தேதி வரைக்கும் தெரியுமா உனக்கு? அப்ப அந்த டப்பா என்னைப் பார்த்துட்டுத்தான் இருக்கு." தேநீரை ஒரு வாய் குடித்தார். "எனக்கு அப்பவே சந்தேகம். சரி விடு. அன்னைக்கு வர்றேன். காதுல சொல்லுது, 'இடது பக்கம் சுவர், கோலால் தொட்டபடி நேராக நடக்கவும்'னு. தொட்டுட்டே வந்தேன். சுவரு இருந்துச்சு, அப்புறம் காணோம். ஆனா இது சுவருங்குது. சரி, கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டியிருப்பாங்கன்னு இன்னும் இடது பக்கம் போனேன். பார்த்தா சுவரு! விட்டுடுவேனா? கெட்டியாப் பிடிச்சுட்டு நடந்தேன்."

"அது சரிவோட பக்கச் சுவருமா," என்றார் காவலாளி என்னிடம். "நேரா கீழே போயிட்டாங்க. நான் அந்தக் கோடியில இருந்தேன். கத்தறேன், காதுல மாட்டியிருக்காங்க, கேட்கல. கீழேர்ந்து ஒரு வண்டி. டிரைவர் பிரேக் போட்டான், வண்டி முட்டியைத் தட்டி நின்னுச்சு. இன்னும் ஒரு சாண்..." அவர் கையை விரித்துக் காட்டிவிட்டு, சித்திக்குத் தெரியாது என்பதால் கீழே போட்டார்.

"ஏன் சித்தி சொல்லல?"

"யார்கிட்டச் சொல்ல?"

"புகார் நம்பர் இருக்கு. ஆப்லயே இருக்கு."

"எனக்கே புகார் நம்பரா?" சித்தி சிரித்தார். "அஞ்சு வருஷமா புகார் எழுதறேன்டி. அது மேல போகும்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. கீழேதான் போகும். கீழே போயி, கடைசியா எவன் கை வெச்சானோ அவன் தலையில விழும். அந்த ரூட்டு நீ அளந்தது. 'என் ரூட்டு சித்தி, என் ரூட்டு'ன்னு வீடு முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்ச. உனக்கு இன்னும் வேலை நிக்கல. அப்புறம் உங்க அம்மாகிட்டச் சொன்னா, கதை அன்னைக்கே முடிஞ்சுது. அதான் ஷட்டர் இறங்கற வரைக்கும் உக்காந்துக்கறேன். இருபத்தஞ்சு நிமிஷம். பெரிய விஷயமா?"

"இவர் கூட்டிட்டுப் போய் அந்தப் பக்கம் விடலாமே?"

"கேட்டுட்டேன்மா, கையைத் தர மாட்டேங்கறாங்க," என்றார் காவலாளி.

"இன்னைக்கு அண்ணன் கை. நாளைக்கு அண்ணனுக்கு லீவு. அப்புறம் அடுத்த ஆள் கை. ஐஞ்சு வருஷம் கை பிடிச்சாச்சு. போதும்."

ஆறரைக்குக் காவலாளி எழுந்து போய்ச் சங்கிலியை இழுத்தார். கடகடவென்று ஷட்டர் இறங்கித் தரையில் மோதியது. சித்தி காலிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிப் பையில் வைத்தார். குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது என்று நான் பதிவு செய்யவில்லை.

"உன் சுவரு வந்தாச்சு. வா போகலாம்."

வழியில் ஒன்றைச் சொல்லிவிட்டேன். எங்கள் படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. 'காலையில் பார்த்தேன்', 'மாலையில் பார்த்தேன்.' இரண்டிலும் குறி போட்டால்தான் வழி செயலிக்குள் போகும். மாலையில் எனக்கு வகுப்பு. சுவர் எங்கே போகப்போகிறது என்று, போகாமலேயே குறி போட்டேன். ஒன்பதாவதில் மட்டுமல்ல, பதினொரு வழிகளிலும்.

சித்தியின் கோல் சுவரை வேகமாகத் தட்டிக்கொண்டு வந்தது. பிறகு, "மெதுவா அந்த ஒரு வரியை மாத்திடு. யாருக்கும் சொல்லாத. நீயும் அக்காவும் சேர்ந்து என்னை வீட்டுக்குள்ள உக்கார வெச்சுடாதீங்க," என்றார்.

இன்றைய தவறு ஜனவரியில் நடந்தது.

நாளை: அந்த வரியை மாற்றுவது.


மார்ச் 7, சனி

சனிக்கிழமை அரை நாள். மேலாளர் வருவதற்கு முன்பே அந்த வரியைத் திறந்துவிட்டேன். 'சுவர், இரும்பு' என்பதை அழித்து, 'வண்டி வரும் சரிவு, திறப்பு' என்று எழுத வேண்டும். ஒரு நிமிட வேலை. இப்படியொரு வரி மாறியது யாருக்கும் தெரியப்போவதில்லை. சித்தி கேட்டதும் அதைத்தான்.

ஆனால் ஆறு மீட்டர் என்பது மூடிய ஷட்டரின் அளவு. திறந்திருக்கும்போது சரிவின் வாய் எவ்வளவு? நான் அளக்கவில்லை. அளக்காத எண்ணை மறுபடியும் எழுதப் போகிறேனா என்று கை நின்றது.

அப்படியே மற்ற பத்து வழிகளையும் மாலை நேரத்துக்கு மட்டும் திறந்து பார்த்தேன். நான்காவது வழியில் பத்தொன்பதாம் எண். சக்கர நாற்காலிக் குறி இருந்தது. போன வாரம் நான்கு மாலைகளில், மருந்துக்கடைக்கு இந்தப் பக்கம் வந்து, அப்படியே திரும்பி, தெருவையே சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். காலையில் நேராகப் போகிறார். மாலையில் அங்கே என்ன இருக்கிறது? எனக்குத் தெரியாது. பார்த்தேன் என்று குறி போட்டிருக்கிறேன்.

வரியை மாற்றாமல் மூடிவிட்டு மேலாளருக்காகக் காத்திருந்தேன். அவர் வந்ததும் ஷட்டர், குறி, பதினொரு வழி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மறந்துவிடக்கூடாது என்று தாளில் எழுதி வைத்திருந்தேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "நாப்பத்தொண்ணு யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அது தாளில் இல்லை.

"எங்க சித்தி, சார். கோடு எங்க வாசல்ல ஆரம்பிச்சுது. முந்தாநாள் பழைய கோடெல்லாம் திறந்து பார்த்தேன். இன்னைக்கும் பார்த்தேன்."

"ஆக, பார்க்க வேண்டியதைப் பார்க்கல. பார்க்கக்கூடாததைப் பார்த்திருக்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயா வந்து சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா. நான் அந்த ஆளைத் தூக்கிட்டு, சராசரி சரியாயிடுச்சுன்னு சந்தோஷமா இருந்திருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு. வேற யாரெல்லாம் இப்படி டிக் போட்டிருக்கீங்களோ."

பதினொரு வழிகளையும் செயலியிலிருந்து அப்போதே எடுத்துவிட்டார். திங்கள் முதல் மாலை நேரத்தில் நான் ஒவ்வொன்றாக நடந்து அளந்த பிறகுதான் திரும்ப ஏறும். வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போகிறது. பழைய கோடுகளைத் திறக்கும் அனுமதி எனக்கு இனி இல்லை. பதினொரு மாலை என்றால், வெள்ளியைத் தவிர்த்து, ஒன்பது வகுப்பு போகும். தேர்வு எழுத விடுவார்களா என்று கேட்க வேண்டும்.

வெளியே வந்த பிறகுதான் முழுவதும் புரிந்தது. திங்கட்கிழமை காலை சித்தி இயர்போனை மாட்டினால் 'இங்கே வழி இல்லை' என்று சொல்லும். சித்தியின் ஒரு மாதத்தை நானே பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன்.

இன்றைய தவறு: அதை முதலில் சித்தியிடம் சொல்லிவிட்டுப் பிறகு மேலாளரிடம் போயிருக்க வேண்டும்.

நாளை: வீட்டில் சொல்வது.


மார்ச் 8, ஞாயிறு

காலையில், இருவரும் மேசையில் இருக்கும்போது சொன்னேன். ஒருவருக்குத் தெரிந்து ஒருவருக்குத் தெரியாமல் இனி எதுவும் வேண்டாம் என்று.

சித்தி நான் முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "உன்கிட்ட என்ன கேட்டேன்? ஒரு வரி. ஒரே வரி கேட்டேன்டி," என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

அம்மா சித்தியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார். "அந்த இடம் எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "அஞ்சு வருஷம் கூட்டிட்டு வந்திருக்கேன்ல? அங்க வரும்போது உன் முழங்கையைப் பிடிச்சு வலது பக்கம் தள்ளிப்பேன். ஏன் தள்றேன்னு நானே யோசிச்சதில்ல. உன்கிட்டச் சொல்லணும்னும் தோணல."

"தள்ளினது ஞாபகம் இருக்கு," என்றார் சித்தி. "கூட்டம்னு நினைச்சேன்."

அம்மா கொஞ்ச நேரம் எழுந்து போய் அடுப்படியில் நின்றார். திரும்பி வரும்போது பழைய குரல் வந்திருந்தது.

"சரி. பொய் சொன்னா என்னன்னு சொன்னேன்? நாளையிலேர்ந்து நான்தான் வருவேன். மெஷினும் இல்ல."

"மெஷின் வேணாம். ஒரு மாசமா நடந்த வழி, கால்ல இருக்கு. மெஷின் ஒரு இடத்துலதான் என்னை ஏமாத்துச்சு. அந்த இடம் மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்." சித்தி என் பக்கம் திரும்பினார். "ஏய் அடிஸ்கேலு. அந்த வாய் எத்தனை அடிடி எனக்கு?"

கூடத்தில் சித்தியை நான்கு முறை நடக்கவைத்து அளந்தேன். ஒரு காலடி ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். ஆறு மீட்டருக்குப் பத்து அடி, பதினொன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு. எண் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியாது சித்தி. ஷட்டர் ஆறு மீட்டர். திறந்திருக்கும்போது ரெண்டு பக்கமும் எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு நான் அளக்கல. நாளைக்கு அளந்துட்டுத்தான் சொல்லுவேன்."

"பார்றா," என்றார் சித்தி அம்மாவிடம். "தெரியாதுங்கற வார்த்தை தெரிஞ்சிருக்கு உன் பொண்ணுக்கு." கோபம் முழுவதும் போகவில்லை. ஆனால் அடிஸ்கேல் என்று கூப்பிட்டார்.

பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. முடிவு இது. நாளை காலை சித்தி தனியாகப் போவார். அப்போது ஷட்டர் மூடியிருக்கும். மாலையில் சித்தி வருவதற்குள் நான் அளந்து, எத்தனை அடி என்று சொல்ல வேண்டும். ஷட்டர் இறங்குவதற்குக் காத்திருக்காமல், திறந்திருக்கும்போதே சித்தி அதைக் கடப்பார். அம்மா மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். கூப்பிடக்கூடாது, ஓடி வரக்கூடாது. வண்டி மேலே வரும்போது மட்டும் காவலாளி கையைத் தட்டுவார். அவர் யாருக்கும் அப்படித்தான் தட்டுவாராம். சித்தியின் கால் சரிவுக்குள் ஒரு அடி இறங்கினாலும் செவ்வாய்க்கிழமையிலிருந்து அம்மாவின் கை. இறங்காவிட்டால் அம்மா இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

"கிட்டத்துல நின்னு மூச்சு விட்டாலும் எனக்குத் தெரியும்," என்றார் சித்தி.

"மூச்சு விடாம நிக்கறேன், போதுமா?" என்றார் அம்மா.

நாளைய வேலை: வகுப்புக்கு விடுப்புக் கடிதம். சக்கரத்தின் அச்சுக்கு எண்ணெய். மாலை ஐந்து முப்பதுக்குச் சரிவின் வாயில் இருக்க வேண்டும். ஷட்டர் முழுவதும் மேலே இருக்கிறதா என்று பார்ப்பது. தையல்கடைப் படியின் ஓரத்தில் சக்கரத்தை வைத்துப் பூஜ்யம். பூஜ்யம்தானா என்று இரண்டு முறை பார்ப்பது. சுவர் முடியும் இடத்திலிருந்து மறுசுவர் தொடங்கும் இடம் வரை மூன்று முறை அளப்பது. ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் சித்தியிடம் எண்ணைச் சொல்வது.